ஊக்கு இல்லாத காலம்

"ஏண்டி பத்திரிகைக்காரி, 1542-ல் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன உடுத்தியிருந்தார்கள்?"

இப்படியொரு கேள்வியை இரவு பத்து மணிக்கு டெலிபோனில் கேட்கக் கூடியவள் என் சிநேகிதி ஒருத்திதான். கல்லூரியில் என்னோடு படித்தவள். இப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா.

"எந்த மாதத்தில்?" என்றேன். ஏதோ சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. மறுமுனையில் சிரிப்புச் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு, பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த கதையை நாடகமாகப் போடுகிறார்கள். ஒத்திகைக்காக நாடகச் சாமான் பெட்டியைத் திறந்திருக்கிறாள். சவேரியாருக்குக் கறுப்பு அங்கி இருந்தது. போர்த்துக்கீசியத் தளபதிக்கு வெல்வெட் கோட்டும், அட்டைக் கத்தியும் இருந்தன. கடற்கரை ஜனங்களுக்கு? கிழிந்த சாக்குத் துணியும், முகத்திலும் கையிலும் பூசிக்கொள்ள ஒரு டப்பா கறுப்புச் சாயமும்!

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தச் சாக்கைக் கையில் வாங்கிப் பார்த்தாளாம். பிறகு மடித்துக் கீழே வைத்துவிட்டாளாம்.

"நான் நடிக்கல டீச்சர். எங்க ஆளுங்க இப்படியா இருந்தாங்கன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

அவளுடைய தாத்தா முத்துக் குளித்தவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துச் சலாபங்களில் கடலுக்குள் இறங்கியவர். ஆச்சி இன்னும் இருக்கிறாள். விழாவுக்கு அவளும் வருவாள். முன் வரிசையில் உட்காருவாள்.

"அந்தப் பெண் சொன்னது நியாயம்தானே? வருஷா வருஷம் அந்தப் பெட்டியை நான்தான் திறக்கிறேன். ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியதா?" என்றாள் சிநேகிதி. "சென்னையில்தான் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றனவே, எது நல்ல புத்தகம் என்று பார்த்து எடுத்துக் கொண்டு வா. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது."

ஒரு வாரம் போதும் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புத்தான்!

முதலில் எங்கள் காரியாலயத்திலேயே தேடினேன். பழைய சரித்திரத் தொடர்கதைகளை பைண்டு செய்து அலமாரி நிறைய வைத்திருக்கிறோம். ஓவியப் பகுதியில் இருக்கும் பெரியவரிடம் போய், "இவற்றில் பதினாறாம் நூற்றாண்டு எதுவும் உண்டா?" என்று விசாரித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, திங்கட்கிழமை கதை வரும், புதன்கிழமை படம் போக வேண்டும். அவசரத்துக்கு நான் போட்டுவிட்ட மார்க்கச்சையை நீ சரித்திரம் என்று நினைத்துத் தைத்துவிடாதே!"

தம் கையால் வரைந்ததைப் பற்றி இவ்வளவு உண்மை பேசுகிறவர்கள் அபூர்வம். ஆனால் நம்மில் பலருக்குச் சரித்திரம் பத்திரிகைப் படமாகத்தான் மனத்தில் பதிந்திருக்கிறது. 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடராக வர ஆரம்பித்தபோது மணியம் வரைந்த சித்திரங்களை விட்டு விட்டுச் சோழர் காலத்தை நினைத்துப் பாருங்கள், முடிகிறதா? அந்தக் கதைக்காகக் கல்கி அவரை இலங்கைக்கே அழைத்துப் போய் இடங்களைக் காட்டினார். எல்லாப் படங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. சினிமாவோ கேட்கவே வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடிக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைக் கட்டபொம்மன் வரையச் சொன்னால், 1959-ல் வந்த படத்துச் சிவாஜியைத்தான் வரைகிறார்கள்.

அடுத்தது எழும்பூரில் கன்னிமரா நூலகம். 'இந்திய உடைகள்' என்ற தலைப்போடு எத்தனை எத்தனை புத்தகங்கள்! ஜி. எஸ். குர்யே 1951-ல் எழுதியது கனமான நூல். சிற்பத்தையும் இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் அவர். ஆனால் என் கண் போனது வேறொரு வழவழப்பான படப் புத்தகத்தின் மேல். நூலகத்தில் புரட்டியது போதாதென்று கடைக்குப் போய் விலை கொடுத்தே வாங்கினேன். என்ன விலை என்று கேட்காதீர்கள், வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. இரவு சாவகாசமாகப் பார்த்தால், அஜந்தாவிலிருந்து அக்பர் தர்பாருக்கு ஒரே தாண்டல்! தெற்கே கிடைத்தது நாலு பக்கம். 'தென்னிந்தியப் பெண்' என்று ஒரு படம்: எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்று ஒரு சொல் கிடையாது. கல்லில் இருந்ததை யாரோ கோட்டுச் சித்திரமாக மாற்றி, தம் இஷ்டத்துக்குச் சேலைக்கு ஊதா நிறமும் ஜரிகைக் கரையும் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு நான் படித்துக்கொண்டது இது: உடைப் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, படத்துக்கு அடியில் இருக்கும் சின்ன எழுத்தை. மூலம் எங்கே இருக்கிறது, எந்த ஆண்டு வரைந்தது, யார் வரைந்தது என்று அதில் போட்டிருக்க வேண்டும். அது இல்லாத புத்தகம் எத்தனை அழகாக இருந்தாலும் கூடத்து மேஜைக்குத்தான் லாயக்கு. என்னுடையது இப்போது அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. 1590-ல் வெனிஸ் நகரத்தில் சேசரே வெச்செல்லியோ என்பவர் உலகத்து உடைகளை எல்லாம் ஒரே புத்தகமாகப் போட்டார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கூட அதில் உண்டு. ஐரோப்பிய உடைகளுக்கு இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அவர் நம் பக்கம் வந்தவர் அல்லர். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் விஷயம் வேறு. 1583 முதல் ஐந்து வருஷத்துக்கு மேல் கோவாவில் ஆர்ச்பிஷப்பிடம் வேலை பார்த்தவர். 1596-ல் வந்த அவர் புத்தகத்தில் குடையும் பல்லக்குமாக வீதியில் போகும் போர்த்துக்கீசியர்களைப் பார்த்தால், இந்த மனிதர் நிஜமாகவே திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். எங்கள் தளபதிக்கு அது போதும். கடற்கரை ஜனங்களுக்குப் போதாது. கோவா எங்கே, புன்னைக்காயல் எங்கே!

நியூஹோப், பால்தேயுஸ் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கே வந்தவர்கள். டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த பிறகு, நியூஹோப் அங்கேயே அதிகாரியாக இருந்தார். இரண்டு பேர் புத்தகமும் படங்கள் நிறைந்தவை. சந்தோஷத்தில் துள்ளினேன். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சவேரியார் வந்ததற்கும் இவர்கள் வந்ததற்கும் நடுவில் நூற்றிருபது வருஷம்! போதாக்குறைக்கு, செப்புத் தகட்டில் செதுக்கியவர்கள் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியத் தகடுகளில் நம் ஜனங்களுக்கு ரோமாபுரிப் பயில்வான்களின் புஜங்களும், கிரேக்கச் சிலைகளின் மூக்கும் முளைத்திருக்கும்.

கடைசியில் கைகொடுத்தது, ரோமாபுரியில் காசநாத்தா நூலகத்தில் இருக்கும் ஒரு கையெழுத்துப் படத் தொகுதி. 1540-ஐ ஒட்டி வரைந்தவை, எழுபத்தாறு வர்ணச் சித்திரங்கள். ஆப்பிரிக்கா முதல் சீனா வரை போர்த்துக்கீசியர்கள் கால் வைத்த இடத்து ஜனங்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மலையாளக் கரை, இலங்கை எல்லாம் உண்டு. குறிப்புகள் போர்த்துக்கீசிய மொழியில். ஆனால் வரைந்த கை இந்தியக் கை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் அபிப்பிராயம். சவேரியாரின் வரலாற்றை எழுதிய ஷுர்ஹாமர் பாதிரியார்தாம் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். ரோமுக்குப் போக நமக்கு ஏது வசதி? கணினித் திரையில்தான் பார்த்தேன். சிவப்பும் நீலமும் கோடும் கட்டமுமாகத் துணிகள். காதிலும் கழுத்திலும் நகைகள். சாக்கு கட்டியவர் ஒருவரும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் சாக்குக்கு அங்கே என்ன வேலை? 1530-களில் இந்தக் கரையின் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது போய், போர்த்துக்கீசியர்களோடு பேச்சு வார்த்தை நடத்தி, பாதுகாப்புக் கேட்டு வாங்கி வந்தவர்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்று ஐந்தாறு வருஷம் ஆன பிறகுதான் சவேரியார் வந்தார். தூது போகிறவர்கள் கந்தையோடா போவார்கள்?

இன்னொரு புத்தகத்தையும் சொல்ல வேண்டும். அதை உடைப் புத்தகம் என்று எந்த நூலகத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன்! ஒவ்வொரு சொல்லும் எந்தப் பாஷையிலிருந்து வந்தது என்று அதில் குறித்திருக்கிறார்கள். பொத்தான், சப்பாத்து, துவாலை, இஸ்திரி, லேஞ்சு இவை எல்லாம் போர்த்துக்கீசியர்கள் கொண்டு வந்து இறக்கிய சொற்கள். சொல் புதிது என்பதாலேயே பொருளும் புதிது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சந்தேகப்படக் காரணம் கிடைத்துவிட்டது. பட்டங்கட்டியின் உடம்பில் பொத்தான் இருக்கக் கூடாது, சேலையில் இஸ்திரி மடிப்பு விழக் கூடாது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கூடவே ஊக்கையும் எழுதினேன். ஊக்கு 1849-ல் நியூயார்க்கில் வால்ட்டர் ஹண்ட் பதிவு செய்த சாமான். அதற்கு முன்னால் நம் பாட்டிமார்கள் சேலை கட்டி, தண்ணீர் எடுத்து, சண்டையும் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் அவிழ்ந்து விழவில்லை.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தோடும், நகல் எடுத்த படங்களோடும் போய் இறங்கினேன். சிநேகிதி நேரே தையற்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தையற்கார அண்ணாச்சி முப்பது வருஷமாகக் கல்யாணக் கோட்டும் பள்ளிக்கூடச் சட்டையும் தைக்கிறவர்.

அவரைக் குஷிப்படுத்தலாம் என்று மார்க்கோ போலோ கதையைச் சொன்னேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இதே கரைக்கு, காயல் துறைமுகத்துக்கு வந்த வெனிஸ்காரர். இந்தத் தேசம் முழுவதிலும் தேடினாலும் ஒரு தையற்காரன் கிடையாது, ராஜா முதற்கொண்டு இடுப்பில் ஒரு துணியோடு இருக்கிறார் என்று அவர் எழுதி வைத்தார். அந்த ராஜாவின் கழுத்திலோ நூற்றுநாலு பெரிய முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டு நூல்!

"ஒரு தையக்காரன்கூட இல்லையா? அப்பம் இந்த நாடகத்துக்கு நான் எதுக்கு அம்மா?" என்று அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டார்.

நியாயமான கேள்வி. வெட்டித் தைக்காத துணி அந்த வெனிஸ்காரர் கண்ணுக்கு உடையாகவே படவில்லை. நம்மவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். முல்லைப்பாட்டுப் புலவர், தைத்த சட்டை போட்ட யவனரைப் பார்த்து அதற்கு 'மெய்ப்பை' என்று பெயர் வைத்தார். உடம்புக்கு ஒரு பை! அண்ணாச்சி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடைப் பலகையில் அந்தப் பெயரை எழுதப் போவதாகச் சொன்னார்.

ஆனால் தளபதிக்குப் பை வேண்டுமே. ஜேனட் ஆர்னால்டு என்ற ஆங்கிலேய அம்மையார், பொருட்காட்சிசாலைகளில் எஞ்சியிருக்கும் பழைய உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து, வெட்டும் முறையோடு 1964 முதல் புத்தகங்கள் போட்டார். 1985-ல் வந்த தொகுதி 1560-லிருந்து 1620 வரைக்கானது. அதையும், மாட்ரிட் நகரத்தில் ஹுவான் டி அல்செகா என்ற தையற்காரர் 1580-ல் அச்சிட்ட வெட்டுப் புத்தகத்தின் நகலையும் அண்ணாச்சி முன் வைத்தேன். நாடகக் காலத்துக்கு இவை கொஞ்சம் பிந்தியவைதாம். வேறு வழியில்லை.

அல்செகாவின் பக்கத்தில் நீளத் துணி ஒன்று. அதன் மேல் முதுகு, முன்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியிருக்கும். எழுத்து ஸ்பானிஷ். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாச்சி படத்தை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்கட்டியை எடுத்துப் பலகை மேல் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஆளு கெட்டிக்காரன். ரெண்டு கையையும் தலைமாத்தி வச்சிருக்கான் பாருங்க. கால் கெஜம் மிச்சம்!"

நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு தையற்காரரை இவ்வளவு சுருக்காக வேறு யாரும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். படித்த நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

சேலைதான் பாக்கி. சாந்தால் புலாஞ்ஜே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரி தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றி, சேலை கட்டும் விதங்களைக் கேட்டுப் பழகி, படிப்படியாகப் படம் போட்டு 1997-ல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த விஷயத்தில் அதற்கு இணையாக எதையும் நான் பார்க்கவில்லை. இரவு சாப்பாடு முடிந்து, சிநேகிதியின் கூடத்தில் அந்தப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு பின்கொசுவம் கட்டிப் பார்த்தோம். மூன்றாவது படம் வரை நன்றாகத்தான் வந்தது. நாலாவதில் கொசுவம் என் கையில், சேலை தரையில்! அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஆச்சி வாசற்படியில் உட்கார்ந்து கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்துக்கு மேல் வயது. காது வளர்த்த காது. நகை எல்லாம் போய், தோள் வரை வெறும் சதை தொங்குகிறது.

நான் பெருமையாகத் தர்ஸ்டன் புத்தகத்தின் படங்களை அவளிடம் காட்டினேன். சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஜனங்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் கருவியால் அளந்தவர். புகைப்படம் என்பதால் இதில் பொய் இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆச்சி கண்ணுக்கு அருகில் வைத்து ஒரு பெண்ணின் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"இந்தப் புள்ள ஏன் இப்படி நிக்கா? மிரட்டி நிப்பாட்டின மாதிரில்லா இருக்கு" என்றாள். பிறகு, "துணி அவ துணிதான். ஆனா முந்தியை அவளா இப்படிப் போடல. படம் புடிக்கவன் எவனோ இழுத்து விட்டிருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தில் எத்தனை முழம் சேலை, கரை எவ்வளவு அகலம் என்பதை எல்லாம் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆச்சி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எங்க அம்மா கட்டுனது எனக்குத் தெரியும். எட்டுக் கெஜம்." பேத்தியைக் கூப்பிட்டுச் சட்டைப் பாவாடைக்கு மேலேயே கட்டிக் காட்டினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கொசுவத்தை முதுகுப் பக்கம் விசிறியாக மடித்து, இடுப்பைச் சுற்றி இழுத்துச் சொருகி, ஒரு முடிச்சு. ஓடச் சொன்னாள். அந்தப் பெண் தெருக்கோடி வரை ஓடித் திரும்பினாள். ஓர் இழை நகரவில்லை. புத்தகத்துப் படத்தை நீட்டினேன். ஆச்சி பார்த்துவிட்டு, "இது உள்நாட்டுக்காரவ கட்டு. எங்க கட்டுல முடிச்சு இந்தப் பக்கம்" என்றாள்.

ஆச்சியின் தாயார் கட்டியது 1940-களின் கட்டு. அதையே 1542 என்று நான் சாதிக்கப் போவதில்லை. அதனால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நானும் சிநேகிதியும் திருநெல்வேலி தாண்டித் தாமிரவருணிக் கரையில் திருப்புடைமருதூர் போனோம். அந்தக் கோயில் கோபுரத்தின் உட்புறத்தில், நிலை நிலையாகப் பதினாறு பதினேழாம் நூற்றாண்டுச் சித்திரங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, இடுக்கான மரப்படிகளில் டார்ச் விளக்கோடு ஏறினோம். குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல் ஒன்று சுவரில் நிற்கிறது. உயர்ந்த குல்லாயும் நீண்ட அங்கியுமாக அதிகாரிகள், பூவும் கோடும் போட்ட துணியில் பெண்கள். நம் ஜில்லாவின் ஆற்றங்கரையிலேயே, அந்தக் காலத்தை ஒட்டியவர்கள் தம் கண்ணால் கண்ட மனிதர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் வெனிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் அலைந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்!

நிறத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் கண்ணைப் பறிக்கும் சாயங்கள் எல்லாம், 1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பிறகு வந்தவை. அதற்கு முன் இந்தக் கரையில் சிவப்பு என்றால் இம்பூறல் என்ற சாயவேர்ச் சிவப்பு. நீலம் என்றால் அவுரி. சுங்குடி வேண்டும் என்று ஒரு ஆசிரியை சொன்னார். மதுரையில் சௌராஷ்டிரர்கள் பெருகியது நாயக்கர் காலத்தில் என்பதால் அதை ஒதுக்கினோம். சாயவேர் கிடைக்காமல், நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வாங்கி, கடுக்காயும் படிகாரமும் போட்டுக் கைத்தறித் துணிகளை நாங்களே காய்ச்சினோம். செங்கல் நிறம், இங்கே கொஞ்சம் தூக்கல், அங்கே கொஞ்சம் மட்டம். சிநேகிதியின் பெரிய பாயசப் பாத்திரம் இன்றைக்கும் அதே நிறம்தான்.

முத்து மாலைக்கு ஒரு ரகளை. எல்லாப் பெண்களுக்கும் பிளாஸ்டிக் முத்து வாங்கி வைத்திருந்தார்கள். முத்துக்குளித்துறை என்றால் முத்து வேண்டாமா? குளிக்கிறவன் வீட்டில் முத்து தங்குமா என்று ஆச்சியைக் கேட்டோம். சிரித்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட, எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு சர்க்காருக்கு. மீதியில்தான் குளித்தவர்களுக்குப் பங்கு. அந்தப் பங்கையும் கரையிலேயே விற்றுவிடுவார்கள். பட்டங்கட்டியின் மனைவிக்கு மட்டும் ஒரு சரம் என்று தீர்மானமாயிற்று. மற்றவர்களுக்குக் கண்ணாடி மணியும் சங்கு வளையும்.

ரவிக்கை விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய் திறக்கவில்லை. திருமலையில் கிருஷ்ணதேவராயரின் பக்கத்தில் நிற்கும் அவருடைய ராணிகளுக்கே ரவிக்கை கிடையாது. அதற்காக எட்டாம் வகுப்புப் பெண்களை மேடையில் அப்படி நிறுத்த முடியுமா? தலைமை ஆசிரியை முழங்கை வரை வெள்ளை ரவிக்கை என்றார். நான் சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினேன். நடுவில் அந்தப் பெண்ணே, "டீச்சர், சேலை நிறத்துலயே ரவிக்கை போட்டுட்டு, அது எங்க ரவிக்கைன்னு சொல்லிடலாமே" என்றாள்.

அப்படியே செய்தோம். நிகழ்ச்சி நிரலின் பின் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தோம்: தளபதியின் சட்டை, 1580-ல் அச்சான வெட்டுப் புத்தகத்தை ஒட்டியது, பட்டங்கட்டி மனைவியின் உடை, திருப்புடைமருதூர்ச் சித்திரத்தைப் பார்த்தது, மற்றப் பெண்களின் சேலைக்கட்டு, நம் ஊர் ஆச்சி ஒருவர் கற்றுத் தந்தது, ரவிக்கை, நம் காலத்தது.

விழா அன்று திரை விலகியது. சவேரியாரின் படகு வருவதற்கு முன், பத்துப் பெண்கள் செங்கல் நிறச் சேலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தார்கள். முகத்தில் கறுப்புச் சாயம் இல்லை. சாக்கு மறுத்த பெண் நடுவில் நின்றாள். ஆச்சி முன் வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். பத்திரிகைக்காரப் புத்தி!

பட்டங்கட்டி பேச வாய் திறந்த சமயம், சபை முழுவதும் கேட்கும்படி ஆச்சியின் குரல் வந்தது:

"ஏளா, மூணாவது நிக்கவ! உன் கொசுவத்துல ஊக்கு மினுங்குது!"